டாக்டருக்கும் அம்மாவுக்கும் ஒரே கயிறு

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, அங்கிருந்தபடியே "இதோ வந்துட்டேன்கா" என்று பொய் சொல்லும் என் செல்லத் தம்பி அருளுக்கு,

நீ எங்களை விட்டுப் போய், வருகிற மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. வீட்டில் ஜெபம் வைக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். கோயில் பாதிரி ஐயரிடம் நாள் கேட்டாயிற்று, வருகிறவர்கள் உட்கார வாடகைப் பாய்களுக்கும் சொல்லியாயிற்று. மேஜை மேல் வைக்க உன் படம் ஒன்று எடுத்து வா என்றாள் அம்மா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மைசூரில் பாதிப் பேருடைய முகத்தைப் பிடித்துக் கொடுத்தவனுக்குச் சொந்தமாக ஒரு படம் இல்லை.

நம்பவில்லை நான். தேவராஜ மொஹல்லாவுக்குப் போய், நீ வேலை பார்த்த ஸ்டூடியோவின் மாடிப்படி ஏறினேன். முதலாளி பாவம், எல்லாப் பெட்டியையும் கொட்டிக் காட்டினார். எத்தனையோ தடவை உன்னை நாற்காலியில் உட்காரச் சொன்னாராம். எதற்குப் படம் பிடிக்கிற பிளேட்டை வீணாக்க வேண்டும் என்று எழுந்து போய்விடுவாயாம். கடைசியில் உன் சாமான் இருந்த பிஸ்கட் டின்னைக் கையில் கொடுத்தார். அதில் கண்ணாடி துடைக்கும் மெத்தென்ற துணி, துளை போட்ட இரண்டு பித்தளைத் தகடு, ஃபோகஸ் பார்க்க நீ கண்ணோடு ஒட்டி வைத்துக்கொள்வாயே அந்தத் தடித்த பூதக்கண்ணாடி, அவ்வளவுதான். கீழே இறங்கி மார்க்கெட்டில் மல்லிகைக் கூடைகளுக்கு நடுவே நின்று அழுதேன். பூக்காரி "ஏனாயித்தக்கா?" என்று கன்னடத்தில் கேட்டாள். என்னத்தைச் சொல்ல?

வெறுங்கையோடு வந்த என்னை அம்மா பார்த்தாள். "என் மூஞ்சிதான் படத்துல விழாதுன்னு நெனச்சேன். அவன் மூஞ்சியும் விழலையா?" என்றாள்.

உனக்கு நினைவிருக்கும். நான் நர்ஸாகவும் அம்மா ஆயாவாகவும் ஒரே ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். வருஷா வருஷம் அங்கே குரூப் போட்டோ எடுத்து வராந்தாவில் மாட்டுவார்கள். நடுவில் பெரிய டாக்டர், பக்கத்தில் மேட்ரன், சுற்றி நாங்கள், இரண்டு கோடியிலும் ஆயாக்களும் கூட்டிப் பெருக்குகிறவர்களும். டாக்டரின் மீசை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். கோடியில் நிற்பவர்களின் முகம் மட்டும் ஈரக்கையால் தேய்த்த மாதிரி இருக்கும். சிலர் முகம் படத்தில் விழும், சிலர் முகம் விழாது, அது பிறந்த நேரம் என்று ஆயாக்களே சொல்லிக்கொள்வார்கள். அம்மா படத்தைப் போய்ப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். படித்தவள் என்று பெயர், நானும் அதைப் பாதி நம்பினேன். இன்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

சுதந்திரம் வந்து இரண்டாவது வருஷம், வெள்ளைக்கார டாக்டர் உட்கார்ந்த நாற்காலியில் நம் ஊர்க்காரர் உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தை எடுக்க முதல் தடவையாக உன்னைத் தனியாக அனுப்பினார்கள். முந்தின நாள் சாப்பிடும்போது நான் பெரிய மனுஷியாகப் புத்தி சொன்னேன், அந்தச் சொம்பு மாதிரி இருக்கும் பெரிய பித்தளை லென்ஸைக் கொண்டு வா, நம் மானத்தைக் காப்பாற்று என்று. நீ சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாய்.

"பெருசுன்னா நல்லதுன்னு யாருக்கா சொன்னது? அது ஒத்தை ஆளுக்குன்னே பொறந்த லென்ஸு. நடுவுல ஒருத்தரை உக்கார வெச்சா உயிரோட எழுப்பிக் குடுக்கும். ஓரத்துல நிக்கறவங்களைக் கண்டுக்கவே கண்டுக்காது."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அப்படியானால் என் முகத்தில் குறை இல்லையா என்று கேட்டாள். உன் முகத்துக்கு என்னம்மா, கண்ணாடிதான் சரியில்லை என்றாய். அவள் நம்பவில்லை. ஆனால் மறுநாள் தலையை இரண்டு தடவை வாரிக்கொண்டாள், நான் பார்த்தேன்.

காலையில் நீ காபி டம்ளர் அளவுக்கு ஒரு சின்ன லென்ஸோடு வந்து நின்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதோடு விட்டாயா? குழந்தைத் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்தாய். ஒரு முனையைக் காமிரா ஸ்டாண்டின் காலில் கட்டி, டாக்டர் நாற்காலி வரைக்கும் இழுத்துப் பிடித்தாய். அதே நீளத்தோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, ஒவ்வொருவரையும் கயிறு முடிகிற இடத்தில் நிறுத்தினாய். வரிசை பிறைபோல வளைந்தது. கோடியில் இருந்த அம்மா டாக்டரைவிட நாலடி முன்னால் வந்துவிட்டாள்.

தலைமை குமாஸ்தா குதித்தார். ஆயா முன்னால், டாக்டர் பின்னாலா என்று. நீ கொஞ்சமும் அசரவில்லை. இந்தக் கண்ணாடிக்கு முன்னால் பின்னால் கிடையாது சாமி, டாக்டருக்கும் ஆயாவுக்கும் ஒரே கயிறு, வேண்டுமானால் அளந்து பாருங்கள் என்று கன்னடத்தில் சொன்னாய். அந்த மனுஷர் நிஜமாகவே அளந்து பார்த்தார். டாக்டர் சிரித்துவிட்டு, ஆகட்டும் என்று கையைக் காட்டினார்.

பிறகு என்னைக் கூப்பிட்டாய். "ஸ்வல்ப உள்ள வந்து பாருக்கா."

அருளு, அந்தத் துணிக்குள் நான் கண்டதை இன்றுவரை யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. காமிராவின் பின்பக்கத்துச் சாண் அகலக் கண்ணாடியில் ஆஸ்பத்திரி முழுவதும் தலைகீழாகத் தொங்கியது. மரம் கீழே, வரிசையில் நின்றவர்களின் கால்கள் மேலே. அதுவும் வர்ணத்தில். படம் கறுப்பு வெள்ளையாகத்தானே வரும், உள்ளே இவ்வளவு வர்ணமா? இத்தனையையும் நீ தினமும் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

கோடியில் அம்மா இன்னும் மங்கலாகத்தான் இருந்தாள். நீ வெளியே இருந்து லென்ஸுக்குள் சின்னத் துளை போட்ட தகட்டைச் செருகினாய். எல்லாம் பொழுது சாய்ந்த மாதிரி இருண்டது. திட்ட வாயெடுத்தேன். அந்த இருட்டுக்குள் அம்மா முகம் மெல்ல எழுந்து வந்தது. புருவத்துத் தழும்பு, காதோர நரை, அப்புறம் கண். தினமும் பார்த்த முகம்தான். ஆனாலும் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

துளை சின்னது, வெளிச்சம் குறைவு, அதனால் மூன்று எண்ணும் வரை யாரும் ஆடக் கூடாது என்றாய். லென்ஸ் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஒந்து, எரடு, மூரு." இரண்டாவதில் டாக்டர் குமாஸ்தா பக்கம் திரும்பிவிட்டார். படத்தில் அவருக்கு இரண்டு மூக்கு. தூங்கும் குழந்தைகளுக்காக மூச்சடக்கிப் பழகிய ஆயாக்கள் மட்டும் சுவர் மாதிரி நின்றிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் படத்தைத் திருப்பி அனுப்பினார்கள், முதலாளி வந்து பெரிய லென்ஸில் வேறு எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்ததை நீ அட்டையில் ஒட்டி அம்மாவிடம் நீட்டினாய். "இத்தனை நாளா நான் இப்படியா இருந்தேன்?" என்று அவள் கேட்டாள், நினைவிருக்கிறதா?

அப்புறம் டைபாய்டு வந்தது. எத்தனை பேருக்கோ ஈரத்துணி போட்டுக் காய்ச்சலை இறக்கிய என் கை, உனக்குப் பலிக்கவில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போன ஞாயிறு, கோயில் விட்டு வந்த பிறகு, உன் பூதக்கண்ணாடியை அந்தப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். உன் கண் பட்ட இடத்தில் என் கண்ணை வைக்க வேண்டும் போல் இருந்தது. அம்மாவின் காலடியிலிருந்து படத்தின் கீழ் ஓரம் வரைக்கும் மெல்லிய கோடு ஒன்று போகுமே, பிளேட்டில் கீறல் என்று நாம் நினைத்தோமே, அது கீறல் இல்லை. அதில் இரண்டு முடிச்சு இருக்கிறது. மழையில் அறுந்தபோது அம்மாவே போட்ட முடிச்சு. கொடிக்கயிறு, அருளு. கடைசியாக அம்மாவை அளந்துவிட்டு அதை அங்கேயே விட்டிருக்கிறாய். அதன் மறுமுனை நீ நின்ற இடம்.

இன்னொன்றும் பார்த்தேன். டாக்டர் தவிர எல்லோரும் நீ சொன்னபடி லென்ஸைப் பார்க்கிறார்கள். அம்மா மட்டும் அதற்குக் கொஞ்சம் தள்ளிப் பார்க்கிறாள், மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் நிற்கிற பக்கம்.

அம்மாவைக் கூப்பிட்டு, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் குனிந்திருந்தாள். பிறகு கயிற்றின் மேல் விரலை வைத்து, மெல்ல இழுத்துக்கொண்டே வந்தாள். படத்தின் ஓரம் வந்தது, அட்டை முடிந்தது, விரல் நிற்கவில்லை. வெறும் மேஜைப் பலகையில் ஒரு சாண் தள்ளி வந்து நின்றது.

"இங்கதான் நிக்கறான்" என்றாள்.

ஓரத்தில் ஒரு தூசி இருந்தாலும் விடாதவன் நீ. கயிறு கிடந்தது உன் கண்ணில் படாமலா போயிருக்கும்? மறந்தாயா, வேண்டுமென்றே விட்டாயா?

இனி உன் படத்தைத் தேட மாட்டேன். ஜெபத்தன்று அந்தப் படத்தை மேஜையில் படுக்க வைப்போம். பூவைப் படத்தின் மேல் வைக்க மாட்டேன், அம்மா விரல் நின்ற இடத்தில் வைப்பேன். அந்தக் கயிறு இன்னும் ஆஸ்பத்திரியில் துணி காயப்போடத்தான் இருக்கிறது. இந்த வருஷம் குரூப் போட்டோ எடுக்க யார் வந்தாலும், எந்த லென்ஸைக் கொண்டுவந்தாலும், அதை அவிழ்த்து நானே கோடி வரைக்கும் அளப்பேன். குமாஸ்தா குதிக்கட்டும்.

கயிற்றின் இந்த முனையில் அம்மாவோடு நிற்கும்,
உன் அக்கா
ரோஸி