கவசம் கழற்றியவர்கள்

ஜூலை 9, 1997
அய்டஹோ

என் கொசுக்குட்டி ஸ்கீட்டருக்கு,

ஊரும் வனத்துறையும் உன்னை ஹார்லன் என்றே கூப்பிடட்டும். எனக்கு நீ உன் அம்மா ஸ்கீட்டர் என்று செல்லப்பெயர் வைத்த கொசுதான்.

வீடு நலம். வண்டி இரண்டாம் தடவைக்குக் கிளம்பிவிடுகிறது. நீ அணைக்கப் போயிருக்கிற தீயின் புகை மலை தாண்டி இங்கேவரை வந்துவிட்டது. மோட்டலில் நான் துவைத்து அடுக்கிய விரிப்பிலெல்லாம் அந்த நாற்றம்தான். "புகைபோட்ட பன்னித்தொடை மாதிரி மணக்குதே உங்க பெட்ஷீட்டு" என்றார் நேற்று ஒரு லாரிக்காரர். "தின்னுறாதீங்க, காலைல திரும்ப வேணும்" என்றேன்.

பின்னறையில் ஈயப் பொம்மைப் படைகள் நிற்கிற உன் சண்டை மேசை நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. உன்னோடு ஆடுகிற முடிவெட்டுக்காரர் ஆரின், தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதனால் அவருடைய ஜெர்மானியக் காட்டாள்களுக்கு இனி நான்தான் தளபதி. சிரிக்காதே. நீ உன் ரோமக்காரர்களின் நகர்வைக் கடிதத்தில் எழுது, அளவுகோல் வைத்து நான் நகர்த்துகிறேன். பகடையையும் நானே உருட்டுகிறேன், யார் பக்கமும் சாயாமல். பூனை மட்டும் என் கட்சி. உன் வலதுபக்கக் குதிரைகள்மேல் படுத்துத் தூங்குகிறது.

ஒன்று எனக்கு விளங்கவில்லை. உன் ரோமக்காரர்களுக்கு நல்ல இரும்புக் கவசம் இருக்கிறது. பிறகு எதற்கு அவர்களில் கொஞ்சப் பேரை மட்டும் கவசம் கழற்றி, ஆளுக்கு இரண்டு ஈட்டி கொடுத்து, வெறும் சட்டையோடு முன்னால் நிறுத்தியிருக்கிறாய்? என் காட்டாள்கள் ஒரே ஓட்டமாக வந்து மிதித்துவிட மாட்டார்களா?

போகிற அன்று வண்டியில் ஏறிக்கொண்டே நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஓடச் சொன்னால் ஓடிவந்துவிடுவேன் என்றாய். வெள்ளிச் சுரங்கத்தில் மேலே ஏறி வந்த பிறகு, யாரோ கத்துகிறார்கள் என்று என் அப்பா திரும்ப உள்ளே போனார், வரவேயில்லை. அதன்பிறகு அம்மா எப்படி இருந்தாள் என்று நீயே பார்த்திருக்கிறாய். நான் அப்படி இருக்கமாட்டேன், ஸ்கீட்டர். எனக்கு அந்த வலு இல்லை.

உன்
நோலா


ஜூலை 16
தீ முகாம்

என் நோலாப் பொண்ணே,

ஜெர்மானியரின் பெருந்தளபதிக்கு வணக்கம். பூனையைக் குதிரைமேலிருந்து இறக்கிவிடு. அது செல்லாது.

இங்கே முட்டைப் பொடியைக் கரைத்து முட்டை என்று போடுகிறார்கள். காபி உன் துவைக்கிற தண்ணீர் மாதிரி இருக்கிறது. பகல் முழுக்க மலைச்சரிவில் மண்ணைக் கீறி, தீ தாண்டாதபடி கோடு வெட்டுகிறோம். சாயங்காலம் எல்லோரும் ஒரே நிறம்.

நீ கேட்டது நல்ல கேள்வி. ஆரின் இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை, அதனால்தான் தோற்கிறார். அந்த முன்வரிசை ஆட்கள் வேறு யாருமில்லை, பின்னால் கவசத்தோடு நிற்கிறவர்களின் கூட்டாளிகள்தான். அதே படை, அதே பயிற்சி. இன்று கனத்தைக் கழற்றிவைத்து லேசான ஆளாகப் போ என்றால் போவார்கள். ஈட்டியை எறிவார்கள். எதிரி பாய்ந்து வந்தால் நின்று சண்டை போடமாட்டார்கள், திரும்பி ஓடுவார்கள். பின்வரிசையில் இடைவெளி விட்டிருக்கிறேன் பார், அதற்குள் நுழைந்து வந்துவிடுவார்கள். எங்கள் விதியில் அது தோல்விக் கணக்கில் வராது. அதுதான் அவர்கள் வேலை. அடுத்த முறை வேண்டுமானால் கவசத்தை மாட்டிக்கொண்டு கல்சுவர் மாதிரி நிற்கலாம். ஒரே ஆளுக்கு இரண்டு வேலை. உலகத்தை ஆண்டார்கள் என்றால் சும்மாவா?

என் நகர்வு: முன்வரிசை முழுதும் நாலு அங்குலம் முன்னே. எறியட்டும். நீ பாய்ந்தால் ஓடட்டும். நடு இடைவெளி ஓரத்தில் மட்டும் ஒரே அட்டையில் ஒட்டிய நாலு ஆட்கள் கவசம் மாட்டி நிற்கட்டும்.

இன்னொரு செய்தி. எட்டுப் பேர் கொண்ட குழு ஒன்றுக்கு என்னைப் பொறுப்பாளாக்கிவிட்டார்கள். கூலி கொஞ்சம் ஏறும். சின்ன வயதிலிருந்து என்னை ஸ்கீட்டர் என்றே கூப்பிடும் நம் லைல் என் குழுதான். மரம் அறுக்கும் ஆலையிலிருந்து புதிதாக வெண்டல் என்று ஒருவர், இரண்டு பிள்ளைக்காரர், மணிக்கு ஒருமுறை கால் வலிக்கிறது என்பார். அவருக்கும் இந்த ஓட்டப் பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நான் லேசான ஆள். ஓடிவருவேன்.

உன்
ஸ்கீட்டர்


ஜூலை 22
அய்டஹோ

ஸ்கீட்டர் செல்லத்துக்கு,

நான் பாய்ந்தேன். நீ ஓடினாய். சொன்னபடி உன் சட்டைக்காரர்கள் ஈட்டியை எறிந்துவிட்டு இடைவெளிக்குள் புகுந்து போய்விட்டார்கள். ஒரு ஆளைக்கூட என்னால் பிடிக்க முடியவில்லை. அதோடு விடாமல், காட்டாள்கள் துரத்தியே ஆகவேண்டும் என்று விதிப் புத்தகம் சொல்கிறது. துரத்தினார்கள், வரிசை கலைந்துபோனது. எனக்கு அவர்கள்மேல் அவ்வளவு கோபம். "நில்லுங்கடா மடப்பசங்களா" என்று கத்தியே விட்டேன். பூனை எழுந்து போய்விட்டது.

ஆனால் இடைவெளி ஓரத்தில் கவசம் மாட்டி நிறுத்தினாயே, அந்த நாலு பேரும் செத்துவிட்டார்கள். என் கூட்டம் முழுக்க அவர்கள்மேல்தான் விழுந்தது. மூன்று தடவை பகடை உருட்டினேன். அவர்களை எடுத்துப் பெட்டியில் வைக்கும்போது எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. எல்லோரும் ஓடலாம் என்றால் அவர்கள் மட்டும் எதற்கு நின்றார்கள்?

பொறுப்பாள் ஆனதற்குச் சந்தோஷம். மோட்டலில் சொன்னேன், முதலாளியம்மா ஆப்பிள் அடை சுட்டுக் கொடுத்தாள். பாதியை நானே தின்றேன்.

எனக்கு ஒரு பதில் மட்டும் நேராக எழுது. ஓடவேண்டி வந்தால் எட்டுப் பேரும் போன பிறகுதான் நீ போவாயா? பொறுப்பாள் என்றால் அதுதானா? கூலி ஏறாவிட்டாலும் பரவாயில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடு.

உன்
நோலா


ஜூலை 30
தீ முகாம்

நோலாக் கண்ணு,

மடப்பசங்களைத் திட்டாதே. துரத்துவதுதான் அவர்கள் பிறவிக்குணம்.

அந்த நாலு பேர் நிற்காவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஓடிவருகிறவர்கள் அந்த இடைவெளி வாசலில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அடைத்துக்கொள்வார்கள். உன் கூட்டம் பின்னாலேயே உள்ளே வந்துவிடும். யாராவது வாசலைத் திறந்து வைத்திருக்கவேண்டும். யார் லேசு, யார் கனம் என்று முறை தொடங்கும்போதே சொல்லிவிடவேண்டும், நடுவில் மாற்ற விதியில்லை. அதனால் யோசித்துத்தான் சொன்னேன்.

அது பொம்மை, நோலா. ஈயம். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

எங்கள் பக்கம் எல்லாம் சரியாகவே போகிறது. மேலே ஒரு பாறைவெளி பார்த்து வைத்திருக்கிறோம், அங்கே எரிய ஒன்றுமில்லை. காற்று மாறினால் அங்கே போய் உட்கார்ந்து பீச் பழ டப்பாவைத் திறக்கவேண்டியதுதான். வெண்டலுக்கு இப்போது இரண்டு காலும் வலிக்கிறதாம். "ஓடுறப்ப வலிக்காது, பாருங்க" என்றேன்.

உன் மற்றக் கேள்விக்கு நேரில் வந்து பதில் சொல்கிறேன். முத்தத்தோடு கேட்டால் நன்றாக விளங்கும். ஆகஸ்ட் கடைசிக்குள் வந்துவிடுவேன். ஓடியே வருகிறேன், போதுமா?

இந்த முறை நீ முதலில் நகர்த்து. நகர்த்திவிட்டு எழுது. பிறகு என் முறை.

உன்
ஸ்கீட்டர்


ஆகஸ்ட் 21
அய்டஹோ

ஸ்கீட்டர்,

இதை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. எழுதிப் பழகிவிட்டது, எழுதுகிறேன்.

உன்னைக் கொண்டுவந்து பத்து நாளுக்கு மேலாகிறது. பெட்டியைத் திறக்கவேண்டாம் என்றார்கள். திறக்கவில்லை. கனமே இல்லாமல் இருந்தது. தூக்கியவர்கள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. சர்ச்சுப் பெண்கள் தட்டுத் தட்டாகச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். குளிர்பெட்டியில் இடமில்லை, நீ போன வருஷம் சுட்ட எல்க் மானின் கறியை எடுத்து அவர்களுக்கே கொடுத்தேன். யாரோ ஒரு அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டு நீ வீரன் என்றார். கையை விடுங்கள் என்றேன்.

லைல் எல்லோரும் போனபிறகு வந்தான். கை இரண்டிலும் கட்டு. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னான்.

"காத்து திரும்பிருச்சு நோலா. கீழருந்து ஒரே சத்தம், ரயில் வர்ற மாதிரி. பாறைவெளிக்குப் போற வழில ஒரு இடுக்கு இருக்கு, ஒவ்வொருத்தராத்தான் ஏற முடியும். ஸ்கீட்டர் அங்க நின்னுக்கிட்டு முதுகுல தட்டித் தட்டி ஏத்திவிட்டான். 'பையைப் போடு, ரம்பத்தைப் போடு, உன் பொண்டாட்டி வேற வாங்கித் தருவா'ன்னு கேலி வேற."

"நீ கடைசியா?"

"நான்தான் கடைசி. 'வாடா'ன்னேன். 'ஒரு ஆள் கொறையுது, வெண்டலைக் காணோம், நீ ஏறு'ன்னான். சட்டையைப் புடிச்சு இழுத்தேன். கையத் தட்டிவிட்டுட்டான்."

"வெண்டல் எங்க?"



"அவரு அப்பவே பக்கவாட்டுல எறங்கி ஓடைக்கு ஓடிட்டாரு. தண்ணிக்குள்ள படுத்துக் கெடந்திருக்காரு. அவர்ட்ட ரேடியோ கெடையாது. எங்களுக்குத் தெரியாது. ஸ்கீட்டருக்கும் தெரியாது."

இல்லாத ஆளுக்காக நின்றிருக்கிறாய். பத்திரமாகத் தண்ணீரில் கிடந்த ஆளுக்காக.

நான் அழவில்லை. லைலுக்குச் சூடாக ஏதாவது கொடுக்கவேண்டும் என்று அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். தீக்குச்சியைக் கிழிக்க முடியவில்லை. அவன் கட்டுப்போட்ட கையோடு எழுந்துவந்து குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தான். இருவரும் அதைக் குடித்தோம்.

நோலா


செப்டம்பர் 14
அய்டஹோ

ஸ்கீட்டர்,

வெண்டல் வந்தார். பின்வாசல் வழியாக வந்து, தட்டவும் இல்லாமல், படியிலேயே நின்றிருக்கிறார். குப்பை கொட்டப் போனபோதுதான் பார்த்தேன். பெரிய ஆள். உன்னைவிட இரண்டு பங்கு இருப்பார். பார்த்ததும் யார் என்று தெரிந்தது. கையிலிருந்த வாளியால் அடிக்கவேண்டும் என்றுதான் முதலில் வந்தது.

"அடிங்கம்மா" என்றார் அவரே. "அடிச்சிருங்க. அதுக்குத்தான் வந்தேன்."

"உள்ள வாங்க, ஈ வருது" என்றேன்.

உள்ளே வந்து தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே இருந்தார். "அவருதான் சொல்லிக்குடுத்தாரு. தினமும் சொல்லுவாரு. தீ தொரத்துனா எந்தப் பக்கம் வழி கெடைக்குதோ அந்தப் பக்கம் ஓடுங்க, யாருக்காகவும் நிக்காதீங்க, நின்னா ரெண்டு பேரும் போவோம்னு. என்னைச் சுத்தி நெருப்பு. ஓடை தெரிஞ்சுச்சு. அவரு சொன்னதைத்தாம்மா செஞ்சேன்."

"அவன் சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் நீங்கதான் போல. அவனே கேக்கல."

அதற்கு அவர் அழ ஆரம்பித்துவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியதில் நாற்காலி கிரீச்சிட்டது. நான் ரொட்டிக்கு நடுவில் கறி வைத்துக் கொடுத்தேன். அழுதுகொண்டே தின்றார். பசியிருந்திருக்கும். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வரவேண்டும், வரமாட்டேன் என்கிறது. அவருடைய பிள்ளைகளுக்கு அப்பா இருக்கிறார். நீ கற்றுக்கொடுத்தது அவரைக் காப்பாற்றியிருக்கிறது.

கை கழுவப் போகும்போது பின்னறைக் கதவு திறந்திருந்தது. மேசையைப் பார்த்துவிட்டார்.

"இதுதானா? எங்கள்ட்ட மண்ணுல கோடு போட்டுக் காமிச்சாரு. இந்தச் சட்டைக்காரங்களை." குனிந்து பார்த்தார். தொடவில்லை. "யாரு ஜெயிக்கிறாங்க?"

"அவன்தான்."

அவர் போனபிறகு அங்கேயே நின்றேன். நீ முதலில் நகர்த்து என்று எழுதியிருந்தாயே, அன்றைக்கே நகர்த்திவிட்டேன். கலைந்துபோன கூட்டத்தைத் திரட்டி மறுபடி உன் நடுவாசலுக்கு நேராகக் கொண்டுவந்து வைத்தேன். அதை உனக்குக் கடிதமாக எழுதி முடித்துத் தபாலில் போடும் முன்னால்தான் வனத்துறை வண்டி வாசலில் வந்து நின்றது. இப்போது உன் முறை. ஆரின், மகள் ஊரிலிருந்து போன் செய்தார். நீ நல்ல இடத்தில் நிறுத்தியிருக்கிறாய், உனக்காக அவர் ஆடி முடித்துத் தருகிறாராம். வேண்டாம் என்றேன். யார் ஓடவேண்டும், யார் நிற்கவேண்டும் என்று முறையின் தொடக்கத்தில் சொல்லவேண்டியவன் நீ. இன்னொருவர் சொல்ல நான் விடமாட்டேன். ஜெர்மானியர்கள் அங்கேயே நிற்கட்டும். தூசு தட்டுகிறேன், அவ்வளவுதான்.

விசாரணைக்காரர்கள் வந்து காற்று, சரிவு, மணி என்று படம் வரைந்து காட்டினார்கள். நல்ல மனிதர்கள்தான். யார்மேலும் தப்பில்லை என்றார்கள். எனக்கு அவர்களிடம் கேட்க ஒன்றுமில்லை. காற்று ஏன் திரும்பியது என்று தெரிந்து நான் என்ன செய்யப்போகிறேன்?

மற்றதெல்லாம் பொறுத்துக்கொள்வேன் என்றுதான் நினைக்கிறேன். வேலைக்குத் திரும்பப் போகிறேன். உன் சட்டைகளை இன்னும் துவைக்கவில்லை. கட்டிலில் உன் பக்கம் பூனைக்குப் போய்விட்டது. அப்பா திரும்ப உள்ளே போனபோது அம்மாவிடம் எந்த வாக்கும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. யாரோ கத்தினார்கள், போனார். அந்த நிமிஷத்தில் அவர் என்ன நினைத்தாரோ அது அவரோடு போயிற்று. நீ அப்படியில்லை. நீ உட்கார்ந்து யோசித்து, பேனாவால் எனக்கு எழுதினாய். நான் நேராகக் கேட்டேன். நீ பீச் பழ டப்பாவைப் பற்றிச் சொன்னாய்.

இதை மட்டும் சொல்லு, ஸ்கீட்டர். ஓடியே வருகிறேன், போதுமா என்று எனக்கு எழுதினாயே, அப்போதே உனக்குத் தெரியுமா, நீ நிற்கப்போகிறாய் என்று?