நான்காம் அறையின் குளிர்

2083 மார்ச் 4, காலை 09:10
நிலவு, கீழைத்தளம். எழுதுவது பேச்சியம்மாள், குளிர்சாதன மெக்கானிக். வழக்கமான பதிவேடு கணினியில் இருக்கிறது. இது வேலைக் குறிப்பு. கருவிப்பெட்டியில் கிடந்த அளவுப் புத்தகத்தில் கையால் எழுதுகிறேன்.

நிலைமை: தளத்தின் காற்று டக்டுகளுக்குள் கறுப்புப் பூஞ்சை. மூச்சில் போனால் நுரையீரலைப் பிடிக்கும் என்று டாக்டர் ருக்சானா உறுதி செய்துவிட்டார். நேற்று எல்லா டக்டுகளையும் மூடினோம். ஐந்து பேரும் நான்காம் அறைக்குள் வந்துவிட்டோம். டாக்டர், ரேடியோ பார்க்கும் தேவசகாயம், பயிர் ஆராய்ச்சி செய்யும் கணவன் மனைவி சிதம்பரநாதனும் குழலியும், பிறகு நான்.

டக்ட் இல்லை என்றால் குளிர்காற்றும் இல்லை. அறையில் இப்போது 37 டிகிரி, ஈரப்பதம் 81 சதவீதம். மீட்புக் கப்பல் வர இன்னும் பதினொரு நாள். இப்படியே ஏறினால் மூன்று நாள் தாங்காது என்கிறார் டாக்டர்.

கிடங்கில் ஒரு ஸ்பிளிட் ஏசியின் இன்டோர் யூனிட் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. டக்ட் தேவையில்லை. அதன் அவுட்டோர் யூனிட்டைப் போன மாதமே பராமரிப்புச் சுரங்கத்தின் கோடியில் பொருத்தி வைத்திருந்தேன். இங்கே வெளியே காற்று கிடையாது. அதனால் விசிறிக்குப் பதிலாக, மேலே நிழலில் விரித்த தகடுகள் சூட்டை வெளியேற்றும். மிச்சம் இருப்பது இன்டோர் யூனிட்டும் ஏழு மீட்டர் குழாயும். கோவில்பட்டியிலும் திருநெல்வேலியிலும் இருநூறு லாட்ஜ் அறைகளில் செய்த வேலை.

மார்ச் 4, 11:45
சுவர்த் தகடு பொருத்தியாயிற்று. ரசமட்டத்தின் குமிழி இங்கே சோம்பேறி, நடுவில் வந்து நிற்க அரை நிமிடம் ஆகிறது. கூரைக்கும் யூனிட்டுக்கும் பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளி. எட்டு திருகுகள்.

அடுத்து சுவரில் ஓட்டை, அறுபத்தைந்து மில்லிமீட்டர். சுவருக்கு அந்தப் பக்கம் பராமரிப்புச் சுரங்கம். ஓட்டை சுரங்கப் பக்கம் சற்றுத் தாழ்ந்து இருக்க வேண்டும், தண்ணீர் அறைக்குள் திரும்பாமல் இருக்க. ஐந்து மில்லிமீட்டர் தாழ்த்தினேன். இங்கே எடை ஆறில் ஒரு பங்கு, அதனால் இன்னும் மூன்று சேர்த்துக்கொண்டேன்.

துளைத்த தூள் கீழே விழாமல் நெடுநேரம் மிதந்தது. டார்ச் அடித்துச் சுவரின் உள்ளடுக்கைப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது.

மார்ச் 4, 16:30
முகமூடியோடு சுரங்கத்துக்குள் போனேன். அங்கே ஒரு பழைய டக்ட் குறுக்கே ஓடுகிறது. அதன் இணைப்பில் டேப் சுற்றியிருக்கிறது.

செப்புக் குழாய்களை முழங்காலில் வைத்து நெளியாமல் வளைத்தேன். குழாயின் வாயை விரித்தேன், முதல் ஃப்ளேர் அழகாக வந்தது. அதற்கு முன் நட்டை மாட்ட மறந்துவிட்டேன். படிக்கும்போது செய்த தப்பை நாற்பத்து மூன்று வயதில் மறுபடி செய்கிறேன். வெட்டிப் போட்டுவிட்டு இன்னொன்று.

உள்ளே யூனிட்டைத் தாங்கிக்கொண்டு தேவசகாயம் நின்றான். தூத்துக்குடிக்காரன். இன்டர்காமில் பேசியது:

"அக்கா, ரெண்டு ஸ்பேனரும் போட்டுட்டேன். எந்தப் பக்கம் திருக?"

"ஒண்ண அசையாமப் பிடி. மத்தத வலது பக்கமா திருப்பு. மெதுவாடே, நட்டு பிளந்துரும்."

"இது பூ மாதிரி இருக்கு. பதினோரு கிலோன்னு பெட்டியில போட்டிருக்கு."

"பூமியில வந்து தூக்கிப் பாரு, தெரியும்."

"வருவேன்க்கா. உங்க கடையிலயே வந்து தூக்குதேன்."

இரண்டு செப்புக் குழாய், மின்கம்பி, தண்ணீர் வடியும் டிரெயின் குழாய் நான்கையும் சேர்த்து டேப் சுற்றினேன். டிரெயின் குழாய் அடியில். சுவர் ஓட்டையைச் சுற்றிப் புட்டிப் பசை வைத்து அடைத்தேன். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவினேன். கசிவு இல்லை.

மார்ச் 5, 10:20
குழாய்க்குள் இருந்த காற்றை உறிஞ்ச வேக்கம் பம்ப் முக்கால் மணி நேரம் ஓடியது. அழுத்தமானியின் முள் இறங்கி அங்கேயே நின்றது. வால்வுகளைத் திறந்தேன். குழாய்க்குள் கேஸ் பாயும் சத்தம் கேட்டது.

09:50க்கு அறையில் 39. இப்போது 31.

குழலி யூனிட்டுக்குக் கீழே உட்கார்ந்து அழுதாள். முகமூடியைக் கழற்றிவிட்டு நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேவசகாயம் பல் தெரியச் சிரித்தபடி தூங்கிப்போனான்.

சுரங்கத்தில் டிரெயின் குழாயின் முனையில் கேன் வைத்திருக்கிறேன். மணிக்கு கால் லிட்டர் தண்ணீர். எல்லாம் எங்கள் வியர்வை.

மார்ச் 7, 09:30
அறையில் 25. கேனை மாற்ற சுரங்கத்துக்குப் போனேன். தண்ணீர் கலங்கியிருந்தது. டிரெயின் குழாயின் முனையில் தலைமுடி போல ஒரு கறுப்பு இழை.

டார்ச்சைத் திருப்பினேன். பழைய டக்டின் டேப் ஊறிப் பிரிந்திருக்கிறது. அதிலிருந்து தரை வழியாகக் கேன் வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு வந்திருக்கிறது. ஈரத்தைத் தேடி வந்திருக்கிறது. ஈரத்தைக் கொடுத்தது நான்.

மார்ச் 7, 11:00
என் தப்பை எழுதி வைக்கிறேன்.

டிரெயின் குழாயில் ஒரு வளைவு வைத்திருந்தேன். பூமியில் அந்த வளைவில் தண்ணீர் தேங்கி நிற்கும். காற்று திரும்பி மேலே ஏறாது. இங்கே தண்ணீருக்கு அந்த எடை இல்லை, விசிறியின் இழுப்புக்கு விலகிவிடுகிறது. குழாயின் உள்சுவரில் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறது, நடுவில் வழி திறந்தே இருக்கிறது. இன்டோர் யூனிட்டின் விசிறி சுற்றும்போது அந்த வழியாகச் சுரங்கக் காற்றை உறிஞ்சுகிறது. இரண்டு நாளாக உறிஞ்சியிருக்கிறது. கேனை மாற்றும்போது வளைவைத் தொட்டுப் பார்த்தேன், நனைந்திருந்தது. நிறைந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை.

இன்டர்காமில் உடனே சொன்னேன்:

"தேவா, ஏசிய நிறுத்து. டிரெயின் குழாய உள்பக்கம் கழட்டி, ஒரு வாளிக்குள்ள விடு. சுவத்துல இருக்க முனைய புட்டி வெச்சு அடைச்சிரு. கையுறை போட்டுக்கோ."

"என்னாச்சுக்கா?"

"சொன்னதச் செய்யி. அப்புறம் சொல்லுதேன்."

செய்தான். டாக்டர் யூனிட்டின் தண்ணீர்த் தட்டைத் துடைத்துச் சோதித்தார். சுத்தம். இழை குழாயின் பாதி தூரம்தான் ஏறியிருந்தது. அறைக்குள் இருப்பவர்கள் தப்பித்தார்கள். ஏசியை மறுபடி போடச் சொன்னேன்.

அதன் பிறகு என் முகமூடியின் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன். உள்பக்கம் கறுத்திருந்தது.

மார்ச் 7, 12:15
டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

"பேச்சி, உள்பக்கமா? நல்லாப் பாத்தீங்களா?"

"உள்பக்கம்தான் டாக்டர்."

பிறகு:

"இருமல் இருக்கா?"

"காலையில இருந்து லேசா."

நான் உள்ளே வர முடியாது என்பதை அவர் சொல்லவில்லை. நானே சொன்னேன். கதவின் ரப்பர் விளிம்பைச் சுற்றி என் பக்கத்தில் புட்டி பூசினேன். சுரங்கத்தில் அவசரப் பெட்டி இருக்கிறது. தண்ணீர் இருபது லிட்டர், உணவுப் பொட்டலம் முப்பது, பிளீச்சிங் கரைசல் இரண்டு கேன். போதும்.

மார்ச் 9, 08:40
குழாயைச் சுற்றிய ஃபோம் உறை வேர்த்து ஊறுகிறது. உள்ளே குளிர், வெளியே சூடு. பூஞ்சை இப்போது அந்த ஈர ஃபோமைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓட்டையை நோக்கி நகர்கிறது. மணிக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர்.

ஏசியை நிறுத்தினால் ஈரம் நிற்கும். அறையோ எட்டு மணி நேரத்தில் மறுபடி 39க்குப் போகும். சிதம்பரநாதனுக்கு ஏற்கெனவே ஒருமுறை மயக்கம் வந்திருக்கிறது. நிறுத்த முடியாது.

அதனால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டையிலிருந்து ஒரு முழம் வரை கத்தியால் சுரண்டி, கரைசலில் நனைத்த துணியால் துடைக்கிறேன். அது வருகிறது. நான் துடைக்கிறேன். கப்பல் வர ஆறு நாள்.

மார்ச் 11, 14:00
காய்ச்சல் 39.2. அறைக்குள் 25, எனக்குள் 39. தேவாவிடம் சொன்னேன், அவன் சிரிக்கவில்லை.

சளியில் கறுப்புப் புள்ளிகள். துடைக்கக் கை தூக்குவது கஷ்டமாக இருக்கிறது. ஆறில் ஒரு பங்கு எடையிலும் கஷ்டமாக இருக்கிறது.

டாக்டரிடம் பேசியது:

"டாக்டர், காய்ச்சல்ல நான் என்னவாச்சும் உளறலாம். கதவத் தொறங்கன்னு கேட்டாலும் கேப்பேன். தொறக்கக் கூடாது."

"பேச்சி..."

"சரின்னு சொல்லுங்க. தேவாவுக்கும் சொல்லிருங்க. அவன் இளகின மனசுக்காரன்."

"சரி."

மார்ச் 13, 15:20
நேற்று நடந்ததைத் தேவா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கதவைத் தட்டியிருக்கிறேன். ஒரு மணி நேரம். என் மகள் முத்தரசி உள்ளே இருக்கிறாள், அவளுக்குச் சோறு போட வேண்டும் என்று சொன்னேனாம். முத்தரசி சாத்தூரில் இருக்கிறாள். அவளுக்கே பிள்ளை இருக்கிறது.

"கைப்பிடியில கைய வெச்சிட்டேன்க்கா. டாக்டர் என்னக் கீழ தள்ளி மேல உக்காந்துட்டாங்க. என்ன மன்னிச்சிருங்க."

"எதுக்குடே மன்னிப்பு? தொறக்கலல்ல."

முந்தாநாள் இரவிலிருந்தே ஃபோமைத் துடைக்கவில்லை. சுவருக்கு இரண்டு விரற்கடை தூரம் வரை வந்துவிட்டது. இன்று முழுக்கச் சுரண்டி ஒரு முழத்துக்குத் தள்ளினேன். விரல் நகங்களின் அடியில் கறுப்பு. கழுவினால் போகவில்லை. அது அழுக்கு இல்லை.

மார்ச் 15, 11:10
கப்பல் வந்தது.

நான்கு பேரும் விண்ணுடையில் அறையின் வடக்குக் கதவு வழியாக வெளியேறினார்கள். நால்வரின் சோதனையும் சுத்தம். என்னை ஏற்றினால் பூஞ்சையும் கப்பலில் ஏறும். சுரங்கக் கதவின் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். போகும் முன் குழலி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். நானும் வைத்தேன், உடனே எடுத்துவிட்டேன். என் கை பட்ட இடத்தில் தடம் இருந்தது.

கப்பல் கிளம்பிய பிறகு ரேடியோ வழியாகத் தேவாவின் குரல்:

"அக்கா, கேக்குதா? தலைமையகத்துல இருந்து செய்தி. உங்க நிலைமைய டாக்டர் எழுதிக் குடுத்தும், அவுங்க பதிவுல 'சுரங்கம் மூடப்பட்டது, நான்காம் அறை பயன்பாட்டுக்கு ஏற்றது'ன்னு மட்டும் போட்டிருக்காங்க. நாப்பது நாள்ல அடுத்த குழு வருதாம். பன்னிரண்டு பேர். ஏசிய ஓட விடச் சொல்லுதாங்க."

"ஓட விடக் கூடாது தேவா. தண்ணி இருக்க வரைக்கும் இது வளரும்."

"சொன்னேன்க்கா. கத்திச் சொன்னேன். இறங்கினதும் நேர்ல போயிச் சொல்லுதேன். அக்கா, நீங்க..."

அதற்கு மேல் இரைச்சல்.

மார்ச் 15, 13:00
அவுட்டோர் யூனிட்டின் சுவிட்சில் ஏசியை நிறுத்தினேன். சத்தம் அடங்கியது. எட்டு நாளில் முதல் முறையாக என் மூச்சின் சத்தம் எனக்குக் கேட்டது. நல்ல சத்தம் இல்லை.

மார்ச் 15, 13:25
கம்ப்ரஸர் தானாக ஓடத் தொடங்கியது. நான் தொடவில்லை. பூமியிலிருந்து இயக்குகிறார்கள். மறுபடி நிறுத்தினேன். மறுபடி ஓடியது. காலி அறையைக் குளிர்விக்கிறார்கள், வரப்போகிறவர்களுக்காக. ஈரம் சொட்டுகிறது.

மார்ச் 16, 10:00
முறைப்படி செய்தேன். மெல்லிய குழாயின் வால்வை மூடினேன். கேஸ் முழுவதும் அவுட்டோர் யூனிட்டுக்குள் திரும்பும் வரை ஓட விட்டுத் தடித்த குழாயின் வால்வையும் மூடினேன். மின்கம்பியை வெட்டினேன். சுவரிலிருந்து ஒரு சாண் விட்டுச் செப்புக் குழாய்களை வெட்டி, முனைகளை மடித்து நசுக்கினேன். ஓட்டையில் கடைசிப் புட்டி.

நான் பொருத்திய யூனிட்டுகளில் நானே வெட்டியது இது ஒன்றுதான்.

இனி யாரும் அங்கிருந்து ஓட்ட முடியாது. ஆனால் வருகிறவர்கள் பழுது பார்ப்பார்கள். நல்ல மெக்கானிக் யாராக இருந்தாலும் முதலில் குழாய் எங்கே அறுந்திருக்கிறது என்று பார்ப்பான். இந்தக் கதவைத் திறப்பான்.

மார்ச் 17, மணி தெரியவில்லை
புத்தகத்தைப் பிரித்துத் தாள்களை ஒவ்வொன்றாகக் கதவின் கண்ணாடியில் ஒட்டுகிறேன். எழுத்து, அடுத்து வரும் உங்கள் பக்கம் பார்த்திருக்கிறது. அறையில் நின்று படித்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் நிற்கும் இடம் சுத்தமானது. அதைச் சுத்தமாக வைத்திருந்தது நான்.

சுரங்கம் முழுவதும் அது இருக்கிறது. கூரையில், தரையில். என் சட்டையிலும். வலிக்கவில்லை. முத்தரசிக்குச் சொல்லுங்கள், வலிக்கவில்லை.

மார்ச்
தாளும் அதற்குச் சாப்பாடு. யோசிக்கவில்லை. ஒட்டிய தாள்களின் வலது ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருகிறது. இன்னும் மூன்று வரி எழுத இடம் இருக்கிறது. பெரிதாக எழுதுகிறேன். இதை மட்டும் படித்தால் போதும்.

கதவைத் திறக்காதீர்கள்.

கதவைத் திறக்கா

கதவைத் திற