சந்தனம் வைத்த டிஸ்க்

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை. முழங்கால் பரவாயில்லை.

தம்பி சுகுமாறன், தன் ஆபீஸ் கணினிகளைப் பராமரித்து வந்த ஐங்கரனின் கம்பெனியோடு இருந்த ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டான். துறைமுகத்தில் மற்றவர்களின் கண்டெய்னர்களைச் சுங்கம் முடித்து எடுத்துக் கொடுப்பது இவன் தொழில். ஐங்கரனின் ஆட்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்தபடியே, கிள்ளான் பண்டமாரானில் உள்ள இவன் ஆபீஸ் கணினிகளைக் காவல் காப்பார்கள். தினமும் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துத் தங்களிடம் வைத்துக்கொள்வார்கள்.

“இத்தன வருஷமா ஒன்னுமே ஆகலயேக்கா. அப்புறம் எதுக்குலா அவங்க?”

ஒன்றும் ஆகாததுதானே அவர்கள் செய்த வேலை? பள்ளிக்கு ஊசி போட வரும் தாதியை உதாரணம் சொன்னேன். பிள்ளைக்கு நோய் வரவில்லை என்பதால் ஊசி வீண் ஆகுமா? “டீச்சர் பாடத்த ஆரம்பிச்சிட்டாங்க,” என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தான்.

செப்டம்பர் 12

ஐங்கரன் கோபப்படவில்லை. போகும்போது ஒரு டிஸ்க் கொடுத்து, வாரம் ஒரு நகல் எடுக்கச் சொன்னாராம். எடுத்ததும் கழற்றி அலமாரியில் பூட்ட வேண்டும். கணினியில் மாட்டியே வைக்கக் கூடாது.

அக்டோபர் 2, வியாழன்

நேற்று ஆயுத பூசை. கணினிகள், லோரி சாவிகள், அந்த டிஸ்க் – எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். இன்று விஜயதசமி, நல்ல நேரத்தில் முதல் வேலையாகத் தம்பி நகல் எடுத்தான். கிளார்க் மாதவி கழற்றப் போயிருக்கிறாள். சாமி கும்பிட்டு மாட்டியது, திங்கள் வரை அசைக்காதே என்றானாம்.

அக்டோபர் 6

எல்லாம் போச்சு. கப்பல் கம்பெனியிலிருந்து வந்தது போன்ற ஒரு மின்னஞ்சலை மாதவி சனிக்கிழமை திறந்திருக்கிறாள். இன்று ஒரு கோப்பும் திறக்கவில்லை. திரையில் பணம் கேட்டு மிரட்டல். மாட்டியே இருந்ததால் டிஸ்க்கில் இருந்த நகலும் பூட்டிக்கொண்டது. எந்தச் சரக்கு யாருடையது, எது சுங்கத்தில் நிற்கிறது – ஒன்றும் தெரியவில்லை.

மாதவியை யாரும் திட்டவில்லை. அவள் அழுகை நிற்கவும் இல்லை.

அக்டோபர் 8

கூப்பிட்டதும் ஐங்கரன் வந்தார். நெடுநேரம் பார்த்தார். பணம் கட்டினாலும் திறக்கும் என்று நம்ப முடியாதாம்.

“உங்ககிட்ட பழைய நகல் இருக்குமே?”

“நீங்க நிறுத்தினதும் அழிச்சிட்டோம் அண்ணே. உங்க தகவல நாங்க வச்சிருக்கக் கூடாது. ஒப்பந்தம் அப்படி.”

“சரிப்பா,” என்றான் சுகுமாறன்.

சாப்பிடமாட்டேங்கிறான். சோற்றை மூடி வைத்தேன்.

அக்டோபர் 15

தீபாவளிக்கு ஆட்டிறைச்சி வரவழைத்த கன்னையாவின் கண்டெய்னர் துறைமுகத்திலேயே நிற்கிறது. தம்பியின் பழைய நண்பர். கத்தவில்லை. இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். அவரோடு இன்னும் சிலர்.

அக்டோபர் 20

தீபாவளி. விளக்கு ஏற்றினோம்.

நவம்பர் 11

தம்பி ஆபீஸின் பெயர்ப்பலகையை இறக்கினார்கள். மாதவிக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

சுகுமாறன் வேலைக்குப் போனான். இத்தனை நாள் அவனோடு போட்டி போட்ட கம்பெனிதான். முதல் நாளே கணினிப் பாதுகாப்பு வகுப்பாம். அவர்கள் கணினிகளைப் பராமரிக்கும் கம்பெனியிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்து நடத்தினாளாம்.

“கிள்ளான்ல ஒரு கம்பெனி, டிஸ்க்குக்குப் பொட்டு வச்சு மாட்டியே விட்டுட்டாங்கன்னு உதாரணம் சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க.”

“நீ என்னடா செஞ்ச?”

“நானும் சிரிச்சேன்கா.”