வளைக்கை ஆத்தாளின் காது

24.2.2024, சனி
மாசி மகம். காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு சேந்தமங்கலம் பஸ் ஏறினேன். ஊருக்கு வெளியே, மரவள்ளிக் காட்டு வரப்பில் அந்தக் கல் நிற்கிறது. இடுப்புயரம். வலக்கையைத் தூக்கிய பெண். முழங்கை வரை வளை, காதில் தோளைத் தொடுகிற வட்டம். வளைக்கை ஆத்தா என்கிறார்கள். ஐந்நூறு வருஷமாவது இருக்கும். இந்தப் பக்கத்துச் சிற்பிகளுக்குக் கழுத்தைவிடக் கைதான் பிடிக்கும்போல. கழுத்து வெறுமை, கை நிறைய வளை. நகைகளைப் பற்றிய கருத்தரங்கக் கட்டுரைக்கு இதைவிட என்ன வேண்டும்!

கும்பிடுவது ஆராயி என்கிற கிழங்கு பிடுங்கும் கூலிக்காரியின் குடும்பம் மட்டும். நாற்பது வயதிருக்கும். அவள் காதில் வேப்பங்குச்சி. தோடு அடகில் இருக்கிறதாம். "ஓட்ட தூந்து போயிருமுங்களே, அதான்" என்று சிரித்தாள். மாசி மகத்தன்று பனையோலையைச் சுருட்டி ஆத்தாளின் காதோரம் வைக்கிறார்கள். எதுக்கு ஓலை என்றேன். "எங்கம்மா வெச்சாங்க, நானும் வெக்கிறனுங்க." சுடச்சுடப் பொங்கல் கொடுத்தாள். நாக்கு வெந்துவிட்டது.

3.3.2024, ஞாயிறு
கட்டுரை முடிந்தது. 'காதில் பொற்குழை, கையில் பொன்வளை. இவள் குறுநிலத் தலைவர் குடியைச் சேர்ந்தவள் என்பதில் ஐயமில்லை.' ஓலைச் சமாசாரத்தை விட்டுவிட்டேன். சடங்கெல்லாம் சான்றாகுமா? பதினொரு வருஷம் கௌரவ விரிவுரையாளராகவே காய்ந்துவிட்டேன். இதாவது என்னைக் கரை சேர்க்கட்டும்.

6.4.2024, சனி
பேப்பரில் வந்துவிட்டது! என் படம், கல்லின் படம். 'பொன் அணிந்த அரசகுலப் பெண்.' அரசகுலம் என்று நான் எழுதவில்லை. போகட்டும்.

2.6.2024, ஞாயிறு
ஆராயி போன் செய்தாள். "டீச்சரம்மா, ஆத்தாளத் தூக்கிட்டுப் போறாங்க." அவளுக்கு மூச்சு வாங்கியது. வரப்புக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் சந்திரசேகர், போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர், ஜேசிபி கொண்டுவந்துவிட்டாராம். நான் போய்ச் சேர்ந்தபோது குழிதான் இருந்தது.

நேரே சந்திரசேகர் வீட்டுக்குப் போனேன். ஹாலில் அந்தப் பேப்பர் துண்டு கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. "எங்க வமுசத்துப் பொம்பளைங்க மேடம். நீங்களே எழுதிட்டீங்களே. இத்தன நகை போட்டவ கூலிக்காரங்களுக்கு ஆத்தாளா இருப்பாளா?" நான்தானே எழுதினேன்.

திரும்பி வந்தபோது ஆராயி குழிக்கரையில் உட்கார்ந்திருந்தாள். என்னை நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை. "நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டமுங்களா?" என்றாள்.

3.6.2024
சோறு இறங்கவில்லை.

18.8.2024, ஞாயிறு
கருத்தரங்கக் கட்டுரைகளைப் புத்தகமாகப் போடுகிறார்கள், தெளிவான படம் வேண்டுமாம். கம்ப்யூட்டரில் காதைப் பெரிதாக்கினேன். வட்டத்துக்குள் ஒரு கோடு. வெளியிலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றிப் போகிறது. பூவேலை என்று நினைத்திருந்தேன். பொன்னில் செய்த குழைக்கு எதற்கு அந்தச் சுற்று? சுருட்டிய ஓலைக்குத்தான் அப்படி வரும்.

பிப்ரவரிப் பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்துதான். 'பனையோலையைச் சுருட்டி...' அடிப்பாவி! காதோலை போட்டவளுக்கு வருஷா வருஷம் ஓலை மாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். கண்ணெதிரே நடந்தது, நான் பொங்கல் தின்றுகொண்டிருந்தேன். வளையும் சங்கோ மண்ணோ, யார் கண்டது? பார்த்ததும் பொன் என்று எனக்கு ஏன் தோன்றியது? கல்லில் நிற்பவள் என்றால் பெரிய இடத்துக்காரியாகத்தான் இருக்கவேண்டுமா? சந்திரசேகர் வாய்விட்டுச் சொன்னதை நான் நாசூக்காக எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இங்கே ரெண்டும் நானே.

22.9.2024, ஞாயிறு
பேப்பருக்குத் திருத்தம் அனுப்பி ஒரு மாதம் ஆகிறது, போடவில்லை. சந்திரசேகரிடம் நேரிலேயே போய்ச் சொன்னேன். காபி கொடுத்துப் பொறுமையாகக் கேட்டார். பிறகு புது மண்டபத்தைத் திறந்து காட்டினார். ஆத்தாளுக்குப் பித்தளைக் கவசம். காதை மிஷின் வைத்துத் துளைத்துத் தங்கத்தோடு மாட்டியிருக்கிறார்கள். சுருளும் கோடும் பொடியாய்ப் போய்விட்டன.

"ஓலையோ பொன்னோ, இப்ப நெசமாவே பவுன்ல போட்டாச்சுங்களே மேடம். இனி என்னத்துக்கு அந்தப் பேச்சு?"

12.3.2025, புதன்
மாசி மகம். விடுப்பு போட்டுவிட்டுப் போனேன். மண்டபத்துக் கம்பிக்கதவுக்கு வெளியே, ரோட்டோரம் ஆராயி நின்றிருந்தாள். சந்திரசேகரின் குடும்பக் கோயிலாம், அவளை விடுவதில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

"காதுல தொள போட்டாங்களாமா. ஆத்தாளுக்கு நொந்திருக்குமுங்களா?"

தெரியலை ஆராயி என்றேன். மடியிலிருந்து ஓலைச்சுருளை எடுத்து என் கையில் வைத்தாள். "உங்கள உள்ளார உடுவாங்க. காதுல வெச்சுட்டு வாங்க சாமி."

ஓலையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். உள்ளே விட்டார்கள். "இவங்கதான் கண்டுபுடிச்சவங்க" என்று சந்திரசேகர் எல்லாரிடமும் காட்டினார். காதில் தோடு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. பின்னால் செருகலாம் என்றால் கவசம் கல்லோடு ஒட்டியிருக்கிறது. காலடியிலாவது வைத்திருக்கலாம். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று கூசிவிட்டது. பையைத் திறக்கவே இல்லை.

வெளியே வந்ததும், "வெச்சீங்களா?" என்றாள்.

"வெச்சுட்டேன்."

கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் காதில் இன்னும் வேப்பங்குச்சிதான்.

ஓலை இப்போது மேசையில், இந்த நோட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. காயக் காய விரிந்துகொண்டே வருகிறது. மறுபடியும் சுருட்டி நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.