படுத்தால் உள்ளே போகிறதா

மே 11, செவ்வாய்

கத்தரி வெயில், காற்று இல்லை. இன்று சொல்லாமல் விட்டது: "எனக்குத் தெரியாது மேடம்."

அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். டாக்டரம்மா போனில் கேட்டது ஒரே கேள்வி. "அப்பா படுத்தா வீக்கம் உள்ள போகுதாம்மா?" ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்பா கதவோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பாமலே தலையை ஆட்டினார். நான், "போகுது மேடம்" என்றேன்.

அப்பாவுக்குக் குடலிறக்கம். வலது பக்கம், தொடை இடுக்கில். உப்புக் கூடை சுமந்து சுமந்து வந்தது. ஏப்ரலில் புதுச்சேரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். துணியெல்லாம் மடித்து வைத்த பிறகு போன் வந்தது. அந்த வார்டு இப்போது கொரோனா வார்டு, அவசரமில்லாத ஆபரேஷன் எல்லாம் நிறுத்தம், நேரில் வர வேண்டாம், எதுவானாலும் போனில்.

டாக்டர் இன்று சொன்னவை:
– உள்ளே போகாமல் நின்றுவிட்டால்
– தொட்டால் கெட்டியாக, சிவப்பாக இருந்தால்
– வாந்தி எடுத்தால்
உடனே கிளம்பி வரவும். அப்போது அது அவசரக் கேஸ், எடுத்துக்கொள்வார்கள். அதுவரை பாரம் தூக்கக் கூடாது. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆபத்து வந்தால்தான் ஆஸ்பத்திரியில் கட்டில். அது வரவும் வேண்டாம், கட்டிலும் வேண்டும். இரண்டையும் சேர்த்து எந்தச் சாமியிடம் கேட்பது.

பார்த்துக்கொள்ள வேண்டுமாம். யார்? அம்மா அக்காவின் பிரசவத்துக்காகக் கடலூர் போனவள், ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டாள். வீட்டில் நானும் அப்பாவும். அப்பா வெளியில் இதை இடுப்பு வலி என்று சொல்கிறார். வீட்டுக்குள் பெயரே கிடையாது.

சோப்பு தீர்ந்துவிட்டது. நாளைக்குள் ரீசார்ஜ் செய்ய வேண்டும்.

மே 13, வியாழன்

அப்பா விடியற்காலையில் உப்பளத்துக்கு. "சும்மா பாத்துட்டு வரேன்." கைலிக்கு மேல் அகலமான பெல்ட், அதற்கு அடியில் சுருட்டி வைத்த துண்டு.

"துண்டு எதுக்குப்பா?"

"வேர்வைக்கு."

துண்டு அந்த இடத்தைத்தான் அழுத்துகிறது. இரண்டு பேருக்கும் தெரியும்.

கல்லூரி நூலகப் புத்தகங்கள் மூன்று என்னிடம். திருப்பிக் கொடுக்க வழியில்லை. மூன்றையும் இரண்டாம் முறை படித்தாயிற்று. மூன்றிலும் யாரோ சாகிறார்கள். காசநோய், நெஞ்சு வலி, காதல். தொடை இடுக்கில் யாருக்கும் எதுவும் வருவதில்லை.

அம்மா போன். வீடியோவில் அக்கா குழந்தை தும்முவதைக் காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது எப்படி இருக்கு?"

"எது?"

"அதாண்டி. தெரிஞ்சிகிட்டே கேக்கறா பாரு."

"நல்லாத்தான் இருக்குன்னு சொல்றாரு."

பத்து மணி வாக்கில் சித்தப்பா தண்ணீர் குடிக்க வந்தார். அப்பாவின் தம்பி, உப்பளத்தில் பக்கத்துப் பாத்திதான் அவருடையது. இவரை விட்டால் வேறு ஆம்பளை இல்லை என்று கேட்டுவிட்டேன்.

"சித்தப்பா, அப்பா படுத்தா அது உள்ள போகுதான்னு நீங்க ஒருவாட்டி பாக்கணும்."

தண்ணீர் புரையேறிவிட்டது. "நானா? எங்கண்ணன்மா அவரு. அவரு எதிர்ல நான் பீடி கூட புடிச்சதில்ல."

"பீடி புடிக்கச் சொல்லல. பாக்கச் சொல்றேன்."

"ஏம்மா, நீ படிச்ச பொண்ணு, எதையும் கேட்டுடற." செம்பைக் கவிழ்த்து வைத்தார். "சரி போ. குளிக்கும்போது பாத்துக்கறேன்."

மே 14, வெள்ளி

ரம்ஜான். கூனிமேட்டிலிருந்து பாஷா பாய் பிரியாணி கொண்டுவந்தார். மீன் வண்டி ஓட்டுகிறவர், அப்பாவுடன் பள்ளிக்கூடம் போனவர். மாஸ்க்கோடு வேலிக்கு வெளியே நின்றார்.

"இந்த வருசம் கட்டிப் புடிக்க முடியல ஏழுமலை. தூரத்துல இருந்தே முபாரக்."

"நீ புடிச்சா எலும்பு முறியும். தூரமே நல்லது."

பாய் கொண்டுவந்தால் தட்டை வழித்துச் சாப்பிடுகிற அப்பா, இரண்டு வாய் தின்றுவிட்டு மூடி வைத்தார். "வெயிலு. வயிறு மந்தமா இருக்குது." கூட வந்த சேமியா பாயசத்தை மட்டும் குடித்தார்.

சாயங்காலம் சித்தப்பா. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார். "பாத்துட்டேன். உள்ள போயிடுது. ஒண்ணும் பயமில்ல."

டாக்டருக்கு மெசேஜ் போட்டேன்: பார்த்துவிட்டோம், உள்ளே போகிறது. கட்டைவிரல் படம் பதிலாக வந்தது.

இன்றைக்கு நன்றாகத் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

மே 16, ஞாயிறு

மதியத்துக்கு மேல் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஊரே உப்பளத்துக்கு ஓடியது. வாரிக் குவித்த உப்பின் மேல் மழை விழுந்தால் ஒரு மாச வேலை தண்ணீர். அப்பாவும் ஓடினார். பின்னாலேயே போனேன். "போவாதப்பா" என்று கத்தினேன், காற்றில் கேட்டதோ இல்லையோ. அவரும் சித்தப்பாவுமாகத் தார்ப்பாயை இழுத்தார்கள். ஓரத்துக்குப் பாரமாக மண் மூட்டை. அப்பா குனிந்து ஒன்றைத் தூக்கினார். தூக்கினவர் அப்படியே நின்றார். பிறகு ஒன்றுமில்லாதது போல் வைத்தார். அதற்கப்புறம் எதையும் தூக்கவில்லை.

நாலு தூறல். அதோடு மேகம் கலைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ஒருக்களித்துப் படுத்தார். கஞ்சி வேண்டாம். சோடா வேண்டாம். ஒருமுறை பின்பக்கம் போய் வந்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் துணி எடுக்கப் போனேன். முருங்கை மரத்தடியில் புது மண் குவியல், கையால் தள்ளி மூடியது. காலால் விலக்கினேன். வாந்தி.

"என்னப்பா இது?"

"பித்தம். வெயில்ல ஓடினது."

"பெல்ட்ட கழட்டிட்டுப் படு. உள்ள போச்சா?"

முதல் தடவையாக நேராகக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை. அடித்திருந்தாலும் பரவாயில்லை. "போச்சு. போய் வேலையப் பாரு."

அம்மாவிடம் சொன்னேன். "நீ இருந்திருந்தா பாத்திருப்ப."

"நானே பாத்ததில்லடி. அவரு சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

இந்த வீட்டில் யாருமே பார்க்கவில்லை. சித்தப்பா ஒருவரைத் தவிர.

மே 17, திங்கள்

ஆஸ்பத்திரி வாசல், வேப்பமரத்தடி. மடியில் வைத்து எழுதுகிறேன், கையெழுத்து இப்படித்தான்.

காலையில் அப்பா முனகியது எனக்குக் கேட்டது. சித்தப்பாவைக் கூட்டிவந்து கேட்டேன். "வெள்ளிக்கிழமை நீங்க பாத்தீங்களா?"

தரையைப் பார்த்தார். "குளிக்கிற மறைப்புக்கு வெளிய நின்னு கேட்டம்மா. உள்ள போயிடுதுன்னாரு. அண்ணன் சொன்னா பாத்த மாதிரிதானே."

கோபம் வரவில்லை. நான் செவ்வாய்க்கிழமை செய்ததும் அதுதானே.

உள்ளே போனேன். சொன்னேன். "அப்பா, கைலிய விலக்கு. நான் பாக்கணும்."

"சித்தப்பன வரச் சொல்லு."

"அவரு பாக்க மாட்டாரு. உனக்கே தெரியும்."

அப்பா சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலக்கினார். கொய்யாக்காய் அளவு. சிவப்பு, நடுவில் கருஞ்சிவப்பு. விரல் பட்டதும் துண்டைக் கடித்தார். கல் மாதிரி.

டாக்டர் இரண்டாவது அழைப்பில் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டேன். "எப்ப இருந்து இப்படி?"

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே அப்பா சொன்னார். "வெள்ளிக்கிழமையே செரியா போகல. நேத்து மூட்டை தூக்கினதுல மாட்டிக்கிச்சு."

ஆம்புலன்ஸ் கேட்டோம். எல்லாம் கொரோனா நோயாளிகளுக்குப் போயிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். பாஷா பாய் மீன் வண்டியைக் கழுவக்கூட நிற்காமல் கொண்டுவந்தார். பின்னால் பாய் விரித்து அப்பா, தலைமாட்டில் நான், கால்மாட்டில் சித்தப்பா. மீன் தண்ணீர் நாற்றம். பள்ளம் வரும்போதெல்லாம் பாஷா பாய் முன்னாலிருந்து, "பொறுத்துக்கோ ஏழுமலை, அல்லா பாத்துப்பான்" என்றபடியே வந்தார்.

புதுச்சேரி எல்லையில் போலீஸ். பாஸ் இல்லை.

"மீன் வண்டில எதுக்குய்யா ஆளு? என்ன உடம்புக்கு?"

சித்தப்பா, "இடுப்பு வலி சார்" என்றார். போலீஸ்காரர் சிரித்தார். "இடுப்பு வலிக்கு ஊரடங்குல வண்டியா? திருப்பு திருப்பு."

அப்பா முழங்கையை ஊன்றி எழுந்தார். "குடலு இறங்கி மாட்டிக்கிச்சு சார். கவட்டில. சிவந்துபோச்சு. வாந்தி எடுக்கறேன். பொண்ணு பாத்துட்டுச்சு, வேணும்னா நீங்களும் பாருங்க." கைலி முடிச்சில் கை வைத்துவிட்டார்.

போலீஸ்காரர் பின்வாங்கி, தடுப்பைத் தானே இழுத்துவிட்டார்.

இங்கே ஒரு நோயாளிக்கு ஒரு துணை. ஆண்கள் வார்டுக்கு ஆண் துணைதான். சித்தப்பா உள்ளே போனார். மூக்கில் குச்சி விட்டு எடுத்திருக்கிறார்கள், ரிசல்ட் வராமல் தியேட்டருக்கு எடுக்க மாட்டார்கள் என்று முதலில் சொன்னார்கள். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, காத்திருக்க நேரமில்லை, பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு செய்கிறோம் என்றாராம். அவர் முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

பக்கத்தில் ஒரு அம்மா, திண்டிவனம் பக்கம். கணவருக்குப் பித்தப்பையில் கல், மூன்று தபா தேதி மாற்றிவிட்டார்களாம். இன்று மருந்து வாங்க வந்தாள். அப்பா கதையைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு முத்திப்போச்சு, எடுத்துக்கினாங்க. கொடுத்து வச்சவங்க" என்றாள். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். பாதி பன்னைப் பிய்த்து என் கையில் வைத்தாள். தின்றேன்.

சித்தப்பா போன்: "கூட்டிட்டுப் போயிட்டாங்க." அழுகிறார். என்னவென்று கேட்டால், "அண்ணன் மேல துணியே இல்லம்மா, ஒரு பச்சத் துணி மட்டும் போத்தி தள்ளிக்கினு போனாங்க."

அம்மா நிமிடத்துக்கு ஒருமுறை. எடுக்கவில்லை. சார்ஜ் குறைகிறது.

மே 18, செவ்வாய்

உயிர் இருக்கிறது. கண் விழித்தார்.

மாட்டிய குடல் கறுத்துவிட்டதாம். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். உள்ளேயே சேர்த்துத் தைக்கும் நிலைமையில் உடம்பு இல்லை. மேல் முனையை வயிற்றில் ஓட்டை போட்டு வெளியே வைத்து, ஒரு பை ஒட்டியிருக்கிறார்கள். மலம் அதில்தான் வரும். வெள்ளிக்கிழமையே வந்திருந்தால் வெட்ட வேண்டியிருக்காது என்று டாக்டரம்மா போனில் சொன்னார். குறை சொல்லும் குரல் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"சாரி மேடம்" என்றேன். "நானும் போன்லயே கேட்டுட்டு இருந்தேனேம்மா" என்றார்.

கொரோனா இல்லை என்று ரிசல்ட்.

ஜூன் 9, புதன்

அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வாரம். பஸ் இன்னும் ஓடவில்லை, அம்மா கடலூரில்தான். பையைச் சுத்தம் செய்ய நர்ஸ் சொல்லிக்கொடுத்தது சித்தப்பாவுக்கு. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே ஒட்டுகிறார், ஓரத்தில் கசிந்து தோல் புண்ணாகிவிட்டது. நேற்று முதல் நான் செய்கிறேன். வெந்நீர், பஞ்சு, ஒட்டும் முன் நன்றாகக் காய வேண்டும். அப்பா ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறார். இன்று முடிந்ததும், "சோறு தின்னியா?" என்று கேட்டார்.

குடலைத் திரும்ப உள்ளே வைத்து மூடும் ஆபரேஷன் எப்போது என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அது அவசரமில்லாத ஆபரேஷனாம். இப்போதைக்குத் தேதி கொடுப்பதில்லை.