எட்டு எழுத்தில் நின்றுபோன பெயர்கள்

என் அன்புக்குரிய ஜுனைதீன் காக்காவுக்கு,

எனக்கு அண்ணனைப் போலிருந்த நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. இன்றைக்கு உங்களுக்கு எழுத வைத்தது ஒரு சண்டைதான். எங்கள் துறைமுகக் கந்தோருக்கென்றே, இந்த அலுவலகத்துக்குள்ளேயே, ஒரு கம்பியூட்டர் வந்துவிட்டது, காக்கா. ஒரு மேசையில் அடங்கிவிடுகிறது. கொழும்புக் கம்பியூட்டரில் ஓட்டுவதற்கு ரயிலில் தாள்களை அனுப்பிவிட்டு நாலைந்து நாள் வழி பார்த்திருக்கும் வேலை இனி இல்லை.

அதோடு புதிதாக இரண்டு பேரை எடுத்திருக்கிறார்கள். ஒருவருக்கு பேசிக் என்ற கம்பியூட்டர் மொழிதான் மொழி. மற்றவர் பாஸ்கல் என்கிறார். காலையில் தொடங்கிய வாக்குவாதம் மத்தியானச் சோற்றோடும் முடியவில்லை. தட்டச்சு செய்யும் புஸ்பம் என்னிடம் வந்து, இவைக்கு ஏதாவது சொல்லுங்கோ மிஸ் என்றா. வாயைத் திறக்கவே எனக்கு அலுப்பாக இருந்தது. என்ன சொல்வது? நீங்களும் நானும் சண்டை பிடித்ததையா, நான் அதில் வென்றதையா?

எங்கள் இரண்டு பேரையும் ஒரே கிழமையில்தான் கொழும்புக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான் கணிதம் படித்துவிட்டு வந்தவள் என்பதால் போர்ட்ரான் வகுப்பில் விட்டார்கள். நீங்கள் இருபது வருடம் இடாப்புப் பதிவேடுகளோடு கிடந்த கிளாக்கர் என்பதால் கோபோல். திரும்பி வந்தபோது, ஸ்டோர்ஸ் ஐயா உங்களிடம், யாரந்தக் கோபால், அவருக்கு இங்கே எந்தக் கதிரை என்று கேட்டது நினைவிருக்கிறதா? அன்று நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தோம். பிறகு சிரித்தது குறைவு.

கம்பியூட்டருக்கு வேலை சொல்ல ஒரு மொழி வேண்டும். அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று வெளியில் உள்ளவர்கள் நினைப்பார்கள். எனக்கு அப்படி இல்லை. பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாகக் கையால் போட்ட கணக்கை, போர்ட்ரானில் ஒரே வரியாக, தாளில் எழுதுகிற மாதிரியே எழுதலாம் என்று கண்ட நாளில் எனக்குக் கண் கலங்கியது. உங்களுக்கு வேறு நோவு. முன்னிருந்த கிளாக்கர்மார் தங்களுக்கு மட்டும் விளங்கும் குறிகளில் எழுதிவிட்டுப் போன இடாப்புகளை வாசித்து வாசித்துக் களைத்தவர் நீங்கள். கோபோல் வசனம் வசனமாக ஓடும். கம்பியூட்டர் தெரியாத ஒருவரும் பாதியாவது வாசிக்கலாம். அவரவரை எந்தக் கஷ்டத்திலிருந்து ஒரு மொழி தூக்கிவிட்டதோ, அந்த மொழியை அவர் விடமாட்டார். இதை இப்போது எழுத முடிகிறது. அப்போது நான் உங்களைப் பார்த்து, நாலு வரியில் முடிகிறதுக்கு நாற்பது வரி எழுதுகிறீங்களே, உங்களுக்கு நேரம் போகேல்லையா காக்கா என்றுதான் கேட்டேன்.

கந்தோருக்கு ஒரே மொழி போதும் என்று பெரிய பொறியியலாளர் சொன்னார். இரண்டு பேரும் ஒரே வேலைக்கு எழுதிக் காட்டினோம். என்னுடையது சின்னதாக இருந்தது, வேகமாகவும் ஓடியது. அதையே எடுத்தார்கள். உங்கள் தாள்களை நீங்களே அடுக்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமாகத்தான் நின்றேன், அதை மறைத்து என்ன?

அடுத்த வேலை, கப்பல் வேலைக்கு வருகிற நாள்கூலிக்காரரின் பெயர்ப் பட்டியல். யார் யாருக்கு எந்தக் கிழமை வேலை என்று அச்சடித்து வாசலில் ஒட்ட வேண்டும். அவர்களுக்கு இலக்கம் கிடையாது, பெயர் மட்டும்தான். போர்ட்ரானில் பெயரைப் பிடிப்பது கரைச்சல். நாலு நாலு எழுத்தாகத் துண்டு போட்டு வைக்க வேண்டும். நான் இரண்டு துண்டு வைத்தேன். ஆங்கிலத்தில் எட்டு எழுத்து. அந்தோனி, பீற்றர், சிவராசா என்று என் ஊர் உப்புவெளியில் எனக்குத் தெரிந்த பெயர்கள் அதற்குள் அடங்கின. கம்பியூட்டருக்குப் போடும் அட்டை ஒரே ஆளுக்குச் சிலவேளை இரண்டு தரம் வந்துவிடும் என்பதால், ஒரே பெயர் மறுபடி வந்தால் தள்ளிவிடவும் எழுதினேன்.

நீங்கள் என் தாளைப் பார்த்துவிட்டு, "பேருக்கு எடம் பத்தாது தங்கச்சி" என்றீர்கள்.

அது கோபோல்காரரின் பயம் என்று நான் சிரித்தேன். நீங்கள் பெயரைப் பற்றிச் சொன்னீர்கள். எனக்கோ மொழியைப் பற்றிச் சொன்னதாகக் கேட்டது. இத்தனை மாதச் சண்டையில் என் காது அப்படிப் பழகிவிட்டிருந்தது.

பட்டியல் வாசலில் ஒட்டிய திங்கட்கிழமை, உங்கள் கிண்ணியாப் பக்கத்திலிருந்து தோணியேறி வந்த பன்னிரண்டு பேரில் பதினொரு பேருக்குப் பெயர் இல்லை. முகம்மது காசிம், முகம்மது யூசுப், முகம்மது ஹனிபா. எட்டு எழுத்தில் எல்லோரும் வெறும் முகம்மதுவாகி நின்றுவிட்டார்கள். முதலாவது முகம்மதுவை வைத்துக்கொண்டு மற்றவர்களை எல்லாம் என் புறோகிராம் தள்ளிவிட்டது. காவல்காரர் பட்டியலில் இல்லாதவரை உள்ளே விடமாட்டார். பதினொரு பேரும் திரும்பிப் போனார்கள். செவ்வாயும் வந்தார்கள். அன்றும் திரும்பினார்கள்.

புதன்கிழமை காசிம் கந்தோருக்கே வந்தார். அச்சடித்த தாளை என் மேசையில் வைத்து, கோபமே இல்லாமல் கேட்டார்.

"என்ட பேர் எங்க பிள்ள போச்சு?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதால்தான் உடம்பெல்லாம் எரிந்தது. நீங்கள் கதிரையை விட்டெழுந்து வந்து தாளைப் பார்த்தீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம், காக்கா. நான் சொன்னேனே என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அழுதுவிட்டு முடித்திருப்பேன். நீங்கள் பேசாமல் நின்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்கட ஆக்கள் எல்லாரும் ஒரே பேரை வச்சுக்கொண்டு வந்தால் நான் என்ன செய்யிறது?" என்றேன்.

காசிம் தன் சால்வையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். நீங்கள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தீர்கள். பழைய இடாப்பைப் பார்த்து, பதினொரு பேரின் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் உங்கள் கையால் எழுதி, பொறியியலாளரிடம் கையெழுத்து வாங்கி, வாசலில் கொண்டுபோய் ஒட்டினீர்கள். நான் புறோகிராமைத் திருத்தி, அது சோதனைக்கும் அச்சுக்குமாக இரண்டு தரம் கொழும்பு போய்த் திரும்பும்வரை, இரண்டு கிழமையாக நாள்தோறும் விடிய வந்து அதையே செய்தீர்கள். திருத்துவது பெரிய வேலையும் இல்லை. பெயருக்கு ஆறு துண்டு வைத்தேன், சரியாகிவிட்டது. போர்ட்ரானால் ஏலாது என்று அதற்குப் பிறகும் ஒருவரும் சொல்ல முடியாது. பிழை மொழியில் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

மூன்று மாதம் வேலைக் கதை மட்டும் கதைத்தோம். பட்டியல் பிழைக்குப் பிறகு பொறியியலாளர் உங்கள் கோபோலுக்கும் இடம் கொடுத்திருந்தார். மாரி தொடங்கிய பிறகு ஒரு நாள், கடல் ஏறி இறங்குவதைக் கணக்குப் பார்த்துக் கப்பலை எப்போது துறையில் கட்டலாம் என்று சொல்லும் வேலை உங்களிடம் வந்தது. நீங்கள் அந்தத் தாளை என் மேசைக்குக் கொண்டு வந்தீர்கள்.

"இது கோபோலுக்கு ஏலாத வேல. ஒங்கட பாஷயாலதான் ஏலும்" என்றீர்கள்.

பொறியியலாளருக்கும் அப்படியே சொன்னீர்கள். எனக்கு வாயில் வந்தது மன்னிப்பு. வெளியில் வந்தது, ஓம் காக்கா, வெள்ளிக்கிழமைக்குள் தாறன் என்பது. அன்றிலிருந்து பழையபடி ஒன்றாகத் தேத்தண்ணீர் குடித்தோம். ஆனால் காசிமுக்கு முன்னால் நான் சொன்ன அந்த ஒரு வசனத்தை நீங்களும் கதைக்கு எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு வருடம் இருந்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட முதல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்களாம்.

குறிஞ்சாக்கேணியில் உங்கள் வீட்டுக்கு நான் வந்தது உங்களுக்குத் தெரியாது. நான் மச்சி என்று கூப்பிடும் உங்கள் மனைவி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் இருத்தினா. றெஜினா கெட்டிக்காரப் பிள்ளை, நான் நாற்பது வரியில் எழுதுறத நாலு வரியில எழுதும் என்று நீங்கள் வீட்டில் சொல்வீர்களாம். நான் அவவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வசனத்தைப் பற்றி அவவுக்கு ஒன்றுமே தெரியாது. கந்தோரிலிருந்து நீங்கள் அதை வீட்டுக்குக் கொண்டு போகவே இல்லை. உங்களுக்குள்ளேயே எங்கே வைத்திருந்தீர்கள்? அல்லது கழற்றி எறிந்துவிட்டீர்களா? இதை இனி யாரிடம் கேட்பது?

அதுதான் இன்றைக்கு அந்த இரண்டு பேரையும் பார்க்கும்போது எனக்குக் களைப்பாக இருந்தது. அவர்கள் சண்டை பிடிக்கட்டும். தாங்கள் நேசிப்பதைத்தானே சொல்கிறார்கள். பின்னேரம் மட்டும் இருவரையும் கூப்பிட்டு, பழைய பட்டியலை மேசையில் விரித்து, பதினொரு பெயர் விடுபட்ட கதையைச் சொன்னேன். அந்த வசனம் வந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அவர்களுக்கும் ஏதோ குறைகிறது என்று விளங்கியிருக்க வேண்டும்.

காசிம் இன்னும் துறைமுகத்தில்தான் வேலை செய்கிறார், காக்கா. தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டால் தலையசைப்பார். நானும் அசைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். உங்களிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை இனிக் கேட்க முடியாது. ஆனால் அன்று அந்த அறையில் அந்த வசனம் உங்கள் காதில் மட்டும் விழவில்லை, அவர் காதிலும் விழுந்தது. நாளைக் காலை அவர் தோணியால் இறங்கும் இடத்தில் நான் நிற்பேன். நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி, அது பிழை என்று சொல்வேன். அவர் ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் சொல்வேன்.

கூடப் பிறக்காவிட்டாலும் தங்கச்சி என்றே நீங்கள் கடைசிவரை கூப்பிட்ட,
றெஜினா