சத்தியமங்கலத்துக்கு பஸ் ஏற்றிவிட்ட எபிரேயச் சொல்

இன்று காலை டவுன் பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த அம்மா ஒருவர் முழங்காலுக்கு நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பஸ் முழுக்க உங்கள் வாசனை. நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பைக் கோட்டை விட்டுவிட்டேன். எத்தனை புதன்கிழமைகள் அந்த வாசனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்திருக்கிறேன்!

நம் சபைப் பெண்கள் கூட்டத்தின் ஜெபக் குறிப்பு நோட்டு என் கையில்தான் இருந்தது. யாருக்குக் காய்ச்சல், யார் மகளுக்கு வரன் அமையவில்லை என்று வரிசையாக எழுதுவேன். எல்லோரும் கண்ணை மூடி ஒவ்வொரு பெயராகக் கர்த்தரிடம் சொல்வோம். பிறகு சுண்டல் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். அந்த நோட்டில் ஒன்பது வருஷமாக வாராவாரம் என் தம்பியின் பெயரும் இருந்தது. அம்மாவை சத்தியமங்கலத்தில், அப்பா பக்கத்தில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்றான் அவன். கடைசிக் காலத்தில் என்னோடு இருந்தவர், அதனால் கோயம்புத்தூரில்தான் என்றேன் நான். என் பேச்சுதான் நடந்தது. அவன் அடக்கத்துக்கே வரவில்லை, அதோடு பேச்சும் நின்றது. பிடித்த பிடியை நான் விடுகிற ரகமில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா?

பம்ப் கம்பெனி டிராயிங் செக்‌ஷனிலிருந்து ரிட்டயர் ஆன கையோடு நீங்கள் எபிரேயம் படிக்கிறேன் என்றபோது, "இந்த வயசுல எதுக்குங்க?" என்று நான்தான் முதலில் சிரித்தேன். நீங்கள் கண்டுகொள்ளவில்லை. சனிக்கிழமை தோறும் செல்போனில் வகுப்பு. அந்தச் சதுர எழுத்துகளை வலமிருந்து இடமாக, மோட்டார் படம் வரைகிற அதே நிதானத்தோடு எழுதிப் பழகினீர்கள்.

ஒரு புதன்கிழமை கூட்டம் தொடங்குமுன் சொன்னீர்கள்: "ஸாகார்னு ஒரு சொல்லுங்க. நினைக்கறதுன்னு அர்த்தம். வேதத்துல அது வர்ற எடமெல்லாம் தேடிப் பாத்தேன். ஒடம்பு சிலுத்துப்போச்சுங்க."

பேழைக்குள் அடைந்து கிடந்த நோவாவைக் கடவுள் நினைத்தார், காற்று கிளம்பி வெள்ளம் வடிந்தது. பிள்ளையில்லாத ராகேலை நினைத்தார், அவள் மடியில் குழந்தை வந்தது. எகிப்தில் அடிமைகள் அழுதபோது தாம் கொடுத்த வாக்கை நினைத்தார், அவர்களை மீட்க இறங்கி வந்தார். ஒவ்வொன்றாக நீங்கள் சொல்லச் சொல்ல எனக்கும் மேல் சிலிர்த்தது. கடைசியில் யோசேப்பிடம் வந்தீர்கள். ராஜாவிடம் தனக்காகப் பேசச் சொல்லி யோசேப்பு கேட்டிருந்தும், சிறையிலிருந்து விடுதலையாகிப் போன ராஜாவின் பானபாத்திரக்காரன் அவனை நினைக்கவில்லை, யோசேப்பு இன்னும் இரண்டு வருஷம் உள்ளேயே கிடந்தான்.

"அவனுக்கு மனசுல வராமயா இருந்திருக்கும்? வந்திருக்குமுங்க. ஆனா ராசாகிட்ட வாயத் தொறக்கலீங்களே. அந்த சனங்களுக்கு, நினைச்சா கைகாலு அசையோணும். அசையலீன்னா மறந்தாச்சுன்னுதான் அர்த்தம்."

நோட்டை என்னிடமிருந்து வாங்கி, பெயர்களுக்கு எதிரே ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, மேலே 'செய்தது' என்று எழுதினீர்கள். பிறகு என் தம்பி பெயர்மேல் விரலை வைத்தீர்கள்.

"அம்மணி, இதுக்கு நேரா என்ன எழுதட்டும்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்பது வருஷ ஜெபத்தை இத்தனை பேர் முன்னால் இந்த அம்மா ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாரே என்று வீட்டில் வந்து அழுதேன். அழுது முடித்தபின்தான், நான் அவனுக்கு ஒரு போன்கூடப் போட்டதில்லை என்பது உறைத்தது. மறுநாள் நானே உங்களைக் கூப்பிட்டு, தம்பியைப் பார்க்க சத்தியமங்கலம் போகிறேன் என்றேன். "நானும் வாரேன்" என்றீர்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

எங்கோ பாலைவனத்தில் ஆடு மேய்த்து அலைந்த சனங்களின் வாயில் புழங்கிய சொல், ஆயிரக்கணக்கான வருஷம் தாண்டி வந்து, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் என்னை சத்தியமங்கலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டது. இன்றைக்கும் எனக்கு அது மலைப்பாகத்தான் இருக்கிறது.

கதவைத் திறந்த தம்பிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. "வாக்கா" என்றான். உள்ளே திரும்பி மனைவியிடம், "ரெண்டு பேருக்குச் சேத்தி சோறு வை" என்றான். அவ்வளவுதான், ஒன்பது வருஷம். கிளம்பும்போது மட்டும் சொன்னான், "உன்ற ஊட்டுக்கு வாரேன். அம்மாளப் பொதச்ச எடத்துக்கு மட்டும் என்னையக் கூப்புடாத." நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் என் கையை அழுத்திப் பிடித்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "என்னைய நினைச்சுக்கோங்க, அம்மணி" என்றீர்கள். "நான் என்ன செய்யோணுமுங்க, சொல்லுங்க" என்று கேட்டேன். சிரித்தீர்கள். பதில் சொல்லத் தெம்பு இல்லை. அந்தப் பதில் இல்லாமல் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

உங்கள் அடக்கத்துக்குத் தம்பி முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டான். எல்லோரோடும் நின்று உங்களுக்கு மண் போட்டான். கூட்டம் கலைந்தபின் கையைத் தட்டிக்கொண்டே என்னிடம் கேட்டான்.

"அம்மா எங்கக்கா?"

நான்கு வரிசை தள்ளிக் காட்டினேன். நேரே அங்கே போனான். பிறகு மண்டிபோட்டுப் புல்லைப் பிடுங்க ஆரம்பித்தான். போன பின்னும் நீங்கள் ஒரு காரியத்தை நடத்தி முடித்ததைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.

யாரிடமும் சும்மா 'நினைச்சுக்கறேன்' என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வருவதில்லை. சொல்லிவிட்டால் செருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. தம்பி மாதம் ஒருமுறை வருகிறான். அம்மாவின் கல்லறையை இருவரும் சேர்ந்து சுத்தம் செய்கிறோம். உங்களுடையதை அவன் ஒருவனே செய்கிறான், என்னைத் தொடவிடுவதில்லை.